பன்னிரண்டாயிரம் லக்ஸ்

ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம். சூரியன் யாருக்காகவும் இந்தக் கணக்கை மாற்றியதில்லை, எனக்காக இன்று மாற்றப்போவதுமில்லை. காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை மின்சாரம் இருக்காது, மாதாந்திரப் பராமரிப்பு என்று நேற்றே குறுஞ்செய்தி வந்துவிட்டது. அதனால் மேற்குப் பார்த்த பால்கனியில் முக்காலி போட்டு, அதன்மேல் என் மனைவி புனிதவதியின் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து, அடியில் ஒரு தடித்த அகராதியை முட்டுக் கொடுத்து, புரட்டாசி வெயிலைப் பிடித்துக் கூடத்து மூலையில் இருக்கும் மீன் தொட்டிமேல் போட்டுக்கொண்டிருக்கிறேன். அகராதிகள் என் வீட்டில் இதுவரை செய்த உருப்படியான வேலை இதுதான் என்பாள் புனிதா, விழித்திருந்தால். அவள் தொட்டிக்குப் பக்கத்துத் திவானில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். மத்தியானம் தூங்காதவள், இரண்டு மாதமாகத் தூங்குகிறாள். நாலு நிமிஷத்துக்கு ஒரு தரம் வெளிச்சம் மூன்று விரற்கடை நகர்ந்துவிடும். அகராதியை ஒரு நூலளவு தள்ள வேண்டும். கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டால் வெளிச்சம் தொட்டியைத் தாண்டிப் புனிதாமேல் விழும். இதுவரை விழவில்லை. விழவிடக்கூடாது என்று கவனமாக இருக்கிறேன். தூக்கம் கலைந்துவிடும் என்பதற்காக என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். கண்ணாடி ஓரமெல்லாம் அவள் ஒட்டி வைத்த ஸ்டிக்கர் பொட்டுகள். சின்னப் பொட்டுகளின் நிழல் இரண்டரை மீட்டர் தூரத்தில் கரைந்துவிடுகிறது, ஏனென்றால் சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரை டிகிரி அகலமுள்ள ஒரு தட்டு. அவள் நாற்பது வயதில் வைத்துக்கொண்டிருந்த பெரிய அரக்குப் பொட்டு ஒன்றுமட்டும் தேய்ந்த கறையாகத் தொட்டிக் கண்ணாடியில் விழுந்திருக்கிறது. கறையைப் பார்க்காதே. தொட்டியைப் பார். தொட்டியை மட்டும் பார்க்கும்வரை குளியலறை மூலையில் மூடி போட்டு வைத்திருக்கும் நீல வாளியை நினைக்க வேண்டியதில்லை.

தொட்டிக்குள் இருப்பது கடற்சாமந்தி. பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். கடலில் இருக்கிறது, அதுவரை சரி. சாமந்தி அல்ல, பூ அல்ல, செடிகூட அல்ல, ஒரு பிராணி. உண்ணவும் கழிக்கவும் அதற்கு ஒரே துவாரம். எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளரின் பேச்சைக் கேட்டு அவருக்கும் அப்படித்தானோ என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம் உண்டு, ஆனால் இதற்கு அது நிரூபிக்கப்பட்ட உண்மை. வாங்கி வந்தபோது இந்த உடம்பு பழைய தேக்கு நிறத்தில் இருந்தது, விரல் விரலாக நீண்ட கைகளின் நுனியில் மட்டும் ஊதா. ஆடி மாதத்திலிருந்து பழுப்பு இறங்க ஆரம்பித்தது. ஆவணியில் பால். இப்போது உள்ளே விளக்கு வைத்த பீங்கான் மாதிரி, கைகளின் வழியே பின்னாலிருக்கும் கல் தெரிகிறது. எவ்வளவு அழகு என்று நினைத்தேன். படம் எடுத்துக் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போட்டேன், நாற்பத்தொரு பேர் கைகூப்பினார்கள். இன்று காலை அதே படத்தைக் கொளத்தூரில் கடல் மீன் கடை வைத்திருக்கும் ரெஜினாவுக்கு அனுப்பினேன், பெருமைக்குத்தான். அந்தம்மா உடனே கூப்பிட்டாள். "சார், இது எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" "ஆடியிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாம்மா. முத்து மாதிரி இல்ல?" "முத்து இல்ல சார். பட்டினி." பிறகு, மீன் வாங்க வருகிற சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்கிற குரலில் எனக்குச் சொன்னாள். "அது சதைக்குள்ள பழுப்பா ஒரு பாசி குடியிருக்கும் சார். வெளிச்சத்துல சமைச்சு இதுக்கு ஊட்டுறதே அதான். வெளிச்சம் பத்தலன்னா பாசி காலி பண்ணிட்டுப் போயிடும். சமையக்காரம்மா போயிட்டா வீடு பளிச்சுனுதான் இருக்கும். வாய் மூடியிருக்கா, பொளந்து தொங்குதா?" "மூடித்தான் இருக்கு." "அப்ப டைம் இருக்கு. ரொம்ப இல்ல. நான் குடுத்த நீல லைட்டு எங்க?" "பரண்ல." அவள் கடையில் காற்று மோட்டார்கள் கொதிக்கும் சத்தம் கேட்டது. "தினமும் பாத்துக்கிட்டேதான சார் இருந்தீங்க?"

நாலு நிமிஷம் ஆயிற்று. அகராதியைத் தள்ளு. மெதுவாக. தொட்டி முகப்பில் ஒரு மெல்லிய துண்டைக் கட்டியிருக்கிறேன், ஒரேயடியாக வெயில் காட்டினால் வெந்துவிடும் என்று ரெஜினா எச்சரித்திருக்கிறாள். பட்டினி கிடந்த வயிற்றுக்குக் கஞ்சித் தண்ணீர்தான் முதலில். பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் களக் களக் என்று குமிழி விடுகிறது. ஒற்றைக் கோமாளி மீன் வெள்ளைக் கைகளுக்கு நடுவே புரண்டு புரண்டு குளிக்கிறது. அதற்குப் படுக்கை எந்த நிறமாயிருந்தால் என்ன, படுக்கை இருக்கிறது. நீல விளக்கு ஏன் பரணில் இருக்கிறது என்பதை ரெஜினாவிடம் நான் சொல்லவில்லை. சொல்ல முடியாது. முப்பத்து நாலு வருஷம் அம்பத்தூரில் ஒரு குழல்விளக்குத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வெளிச்சத்தை அளந்தே சாப்பிட்டவன் நான். ஓய்வு பெறும்போது எல்லோருக்கும் சுவர்க் கடிகாரம் தருவார்கள். எனக்கு வெளிச்சம் அளக்கும் லக்ஸ் மீட்டர் வேண்டும் என்று கேட்டு, மேலாளர் விளையாட்டென்று நினைத்துச் சிரிக்க, மறுபடி கேட்டு வாங்கி வந்தேன். கோயில் கர்ப்பக்கிரகம் நாலு லக்ஸ், சாமிக்கு அது போதுமாக இருக்கிறது. கல்யாண மேடை இரண்டாயிரத்து இருநூறு, மாப்பிள்ளை கண்ணைச் சிமிட்டுவது வெட்கத்தால் அல்ல. ரெஜினாவின் நீல விளக்கை அளந்தேன், ஆயிரத்து எண்ணூறு. இதெல்லாம் ஒரு விளக்கா என்று கழற்றிப் பரணில் எறிந்துவிட்டு, நானே தேர்ந்தெடுத்து ஒரு வெள்ளை விளக்கைப் பொருத்தினேன். பன்னிரண்டாயிரம். தொட்டி கல்யாண மண்டபம் மாதிரி ஆயிற்று. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. நம் கண் பச்சையையும் மஞ்சளையும் கொண்டாடும், நீலத்தை ஏறக்குறையக் கணக்கிலேயே சேர்க்காது, மீட்டரும் அப்படியே. பாசிக்கு வேண்டியதோ நீலம். இதைப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு வருஷா வருஷம் கரும்பலகையில் கோடு போட்டு விளக்கியவன் நான்தான். மீட்டர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது. உனக்கு எவ்வளவு நன்றாகத் தெரிகிறது? பன்னிரண்டாயிரம். அதன் பசி எவ்வளவு என்று நான் கேட்கவே இல்லை. எட்டு மாதம் விளக்கொளியில் பட்டினி போட்டிருக்கிறேன், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டு.

தள்ளியது அதிகம். வெளிச்சம் தொட்டியைத் தாண்டித் திவானின் கால்மாட்டில் விழுந்துவிட்டது, புனிதாவின் பாதத்தில். எடு. உடனே எடு. கை போக மாட்டேன் என்கிறது. பாதம் சுவரை ஒட்டி மல்லாந்திருக்கிறது, குதிகால் வெடிப்பு, பெருவிரல் மெட்டி தேய்த்த தடம். வெடிப்புக்குள் எப்போதும் ஒரு செம்மை இருக்கும். இப்போது இல்லை. நனைந்து காய்ந்த காகிதம். எடுத்துவிட்டேன், வெளிச்சம் தொட்டிக்குத் திரும்பிவிட்டது, நடந்தது ஒன்றுமில்லை. நேர் வெயிலில் எந்தப் பாதமும் வெளிறித்தான் தெரியும். அது தப்பு. நேர் வெயிலில்தான் எந்தப் பாதமும் உள்ளபடி தெரியும். நிறம் காட்டும் திறமைக்கு நாங்கள் நூற்றுக்கு மதிப்பெண் போடுவோம். சூரியனுக்கு நூறு, பழைய குண்டு பல்புக்கும் ஏறக்குறைய நூறு, ஆடித் தள்ளுபடியில் நான் வாங்கி வந்து இந்தக் கூடத்தில் மாட்டிய குளிர் வெள்ளை விளக்குக்கு எழுபது. அந்த விளக்கில் சிவப்பு குறைவு. அதன் கீழே தக்காளி வாடும், உதடு வெளிறும். ஆகையால் ஆடியிலிருந்து புனிதாவின் முகத்தில் ஏதோ மாற்றம் தெரிந்தபோது என்னிடம் விடை தயாராக இருந்தது. விளக்கு மாறியிருக்கிறது, முகம் மாறவில்லை. எவ்வளவு சுத்தமான விடை. வேறு எந்தப் புருஷனும், ஒரு பஸ் டிரைவர், ஒரு கறிக்கடைக்காரர், பெண்டாட்டி முகத்தைப் பார்த்தால் ஏன் இப்படி இருக்கே என்று கேட்டிருப்பான். எனக்குத்தான் விளக்கைப் பற்றித் தெரியும். வெளியில் வெயிலில் அவளைப் பார்க்கவே இல்லையா என்று யாராவது கேட்டால், பார்த்தேன். பார்த்துவிட்டு வீட்டுக்குள் வந்து விளக்கைப் போட்டேன்.

அவளைப் பெண் பார்க்கப் போனதும் ஒரு விளக்கின் கீழேதான். காஞ்சிபுரத்தில் மாலை ஏழு மணிக்கு மேல்தான் நல்ல நேரம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். கூடத்தில் பளிச்சென்று புதுக் குழல்விளக்கு, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பாதிதான் பிரித்திருந்தார்கள். என் அம்மா வெளியே வந்து, "பொண்ணு லட்சணம், கொஞ்சம் நிறம் கம்மி, பகல்ல பாத்தா இன்னும் கம்மியா இருக்கும்" என்றாள். முப்பத்தொரு வருஷமாக அதை வைத்து நான் வேடிக்கை பண்ணியிருக்கிறேன், உங்கப்பா நாற்பது வாட் போட்டு என்னை ஏமாத்திட்டார் என்று, விருந்தாளிகள் முன்னால், ஒவ்வொரு தீபாவளிக்கும். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவாள். எந்த மருத்துவமனைக்குப் போய் எத்தனை சோதனை செய்தும் பிள்ளை பிறக்காததை ஒரு நாள்கூடச் சொல்லிக்காட்டாதவன் நான், அந்தப் பெருமை எனக்கு உண்டு. நிறத்தைச் சொல்லிக்காட்டியதைக் கணக்கில் சேர்த்ததே இல்லை. ஆவணியில் ஒரு கல்யாணத்தில் அவள் தங்கை மங்கை ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, என்னக்கா இப்படி கலர் ஏறிட்டே? மாமா, என்ன பல்பு மாட்டினீங்க எங்கக்காவுக்கு?" நான் சொன்னேன், "குளிர் வெள்ளை, ஆறாயிரத்து ஐந்நூறு கெல்வின்." பந்தியே சிரித்தது. சமையல்கட்டிலிருந்து யாரோ குங்குமப்பூவா என்று கேட்டார்கள், யாரோ எந்த சோப்பு என்று கேட்டார்கள். புனிதா அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் கடையில் இறங்கி ஒரு வெளிர் ரோஸ் புடவை வாங்கினாள். என் நிறத்துக்கு எடுக்காது என்று முப்பது வருஷமாகக் கடை மேஜையில் தொட்டுத் தொட்டுத் திருப்பி வைத்த அதே ரோஸ். வீட்டுக்கு வந்து இந்தக் கண்ணாடி முன்னால் தோளில் போட்டுப் பார்த்தாள். நான் தொட்டிப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். தொட்டியிலும் அன்று வெள்ளை நன்றாகப் பிடித்திருந்தது. எனக்கு இரண்டும் சந்தோஷமாக இருந்தது, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

நாலு நிமிஷம். தள்ளு. அரிசி டப்பாவும் ஞாபகம் வருகிறது, வேண்டாம் என்றாலும். ஒரு பிடி பச்சரிசியை முந்தானையில் முடிந்துகொண்டு டிவி பார்க்கும்போது நறநறவென்று மெல்லுவாள், மசக்கைக்காரி மாதிரி. "பச்சரிசி தின்னா சோகை புடிக்கும், தெரியாதா?" என்று நான் அதட்டினேன். "புடிக்கட்டும், வாய் கேக்குது" என்றாள். எங்கோ படித்திருக்கிறேன், அது தலைகீழ் என்று. அரிசி தின்று சோகை வருவதில்லை, சோகை வந்தவர்கள்தான் அரிசி தேடுவார்கள், சாம்பல் தேடுவார்கள், ஐஸ் கட்டி கடிப்பார்கள். காரணத்தையும் விளைவையும் குழப்பாதே என்று ஊரையே திருத்துகிறவன், அன்று அரிசி டப்பாவை எட்டாத உயரத்தில் எடுத்து வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று வந்து உட்கார்ந்தேன். மாடிப்படியில் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நிற்பாள். ஆறாம் நம்பர் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியைப் பார்க்கிறேன் என்பாள். ஒரு கறிவேப்பிலைச் செடியில் தினமும் மூன்று நிமிஷம் பார்க்க என்ன இருக்கிறது? நான் முன்னால் ஏறிப் போய்ப் பூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். திறந்த கதவு என் அன்பு. அன்பாகத்தான் இருந்தது, கீழே போய்ப் பார்க்காமல் இருக்கச் சௌகரியமான அன்பு. சரி, இவ்வளவு தூரம் வந்தாயிற்று. வாளி. ஆனி மாதம் ஒரு விடிகாலை, பல் தேய்க்கப் போனபோது நீல வாளிக்கு மூடி போட்டிருந்தது. எங்கள் வீட்டில் வாளிக்கு மூடி போடும் பழக்கம் நின்று ஏழு வருஷம் ஆகிறது. அப்போது அவளுக்கு நாற்பத்தொன்பது. மூடி ஓரத்தில் கிழித்த பழைய புடவைத் துணி கொஞ்சம் வெளியே தெரிந்தது. தண்ணீர் நிறம் மூடியின் இடுக்கில் தெரிந்தது. நான் பல் தேய்த்தேன். மறுநாளும் தேய்த்தேன். நடுவில் சில நாள் வாளி காலியாகக் கவிழ்ந்திருக்கும், அன்றைக்கெல்லாம் எனக்கு நன்றாகப் பசிக்கும். நின்றுபோனது திரும்பி வந்தால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும், என் பெரியம்மாவுக்கு அந்தப் பெயரோடு ஆறு மாதம்தான் ஓடியது. பெண்கள் விஷயம், அவளே சொல்லட்டும் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். பதில் வராத வரைக்கும் அது விளக்கின் குற்றமாக இருக்க முடியும்.

எத்தனை நிமிஷம் ஆயிற்று தெரியவில்லை. தொட்டியில் வெளிச்சமே இல்லை, கீழே ஸ்டாண்டில் விழுந்து கிடக்கிறது. அவசரத்தில் அகராதியை அழுத்தித் தள்ளினேன், கண்ணாடி சறுக்கி, வெயில் சுவரில் ஒரு தாவு தாவி, இந்தப் பக்கம் புரண்டு படுத்த புனிதாவின் முகத்தில் நேராக உட்கார்ந்தது. "கண்ணு கூசுது" என்றாள். கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தாள். விரல்களுக்கு நடுவே வெயில். விரல் வழியாக வெயில் வந்தால் சிவக்க வேண்டும், எந்தக் குழந்தைக்கும் தெரியும், டார்ச்சில் கையைப் பொத்தி விளையாடாதவர்கள் யார். சிவக்கவில்லை. நகங்கள் மெழுகு. "என்னங்க பண்றீங்க, மத்தியானத்துல கண்ணாடியத் தூக்கிட்டுப் போய்?" "சாமந்திக்கு வெளிச்சம்." "சாமந்தி அந்தப் பக்கம் இருக்கு. இது நானு." கையை எடுத்தாள். நான் வெயிலை நகர்த்தவில்லை. உதடும் கன்னமும் ஒரே நிறம். அதற்கு ரோஸ் என்றோ வெள்ளை என்றோ பெயர் கிடையாது. பரிசோதனைக் கூடத்தில் வாயு போடாத வெறும் குழாய்களை அடுக்கி வைத்திருப்போம், அந்த நிறம். போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மேல பாரு." "எதுக்கு?" "பாரேன்." கீழிமையைக் கட்டைவிரலால் இறக்கினேன். டாக்டர்கள் செய்வார்கள், ஒரு விநாடி வேலை. உள்ளே கொஞ்சமாவது சிவப்பு இருக்க வேண்டும். ஆவணியிலோ ஆடியிலோ அந்த ஒரு விநாடி என்னிடம் இருந்தது. உள்ளே சங்கு மாதிரி இருந்தது. அவள் மேலே பார்த்தபடியே சொன்னாள், "தூசி ஏதும் இல்லியே."

"எவ்ளோ நாளா?" என்றேன். "எது?" "நீல வாளி." இமையை விடுவித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். முந்தானையைச் சரி செய்தாள், செய்ய ஒன்றும் இல்லாதபோதும். "ஆனியிலேர்ந்து." "அப்ப நாலு மாசம்." "கணக்கு தெரியும் எனக்கு." "ஏன் சொல்லல?" "வாளிய மூடி வெச்சேன். எதையும் தொறந்து, அளந்து பாக்கற ஆளு, இதையும் பாப்பாருன்னு பாத்தேன்." கோபமாகச் சொல்லவில்லை, பால்காரன் வராததைச் சொல்வது மாதிரி சொன்னாள். "ஒரு வாரம் பாத்தேன். அப்புறம் மூடறது பழகிப் போச்சு." நான் வாயைத் திறந்தேன், பன்னிரண்டாயிரம் என்பது போல ஏதோ ஒரு எண்தான் நாக்கில் இருந்தது. "புனிதா, டாக்டர்கிட்ட போகலாம். இப்பவே." "ஊரே நான் அழகாயிட்டேன்னு சொல்லுது. அம்பத்தாறு வயசுல, மொத தடவையா. உங்களுக்குப் பொறுக்கலியா?" சிரித்தாள். தீபாவளி விருந்தாளிகள் முன்னால் சிரிக்கும் அதே சிரிப்பு. இந்த முறை எழுந்து உள்ளே போகவில்லை, எழ முடியவில்லை போலிருக்கிறது. "எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? மங்கை அப்படிச் சொன்னப்பவே தெரியும். எங்க அத்தை ஒருத்தி சாகறதுக்கு முன்னாடி நல்ல கலராயிட்டா. சரி, வந்தது வந்துச்சு, ஒரு ரோஸ் புடவையாவது கட்டிக்குவோம்னு இருந்தேன்." அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். குளிர்ந்திருந்தது, வெயிலில் இருந்த கை.

அப்போது மின்சாரம் வந்துவிட்டது, நாலு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கையிலேயே. குளிர்சாதனப் பெட்டி உலுக்கிக்கொண்டது, கீழ் வீட்டில் யாரோ பிள்ளைகள் கூவினார்கள், மின்விசிறி சோம்பல் முறித்துச் சுற்ற ஆரம்பித்தது, தொட்டிமேல் என் பன்னிரண்டாயிரம் பளீரென்று எரிந்தது. காலையில் சுவிட்சை அணைக்க மறந்திருந்ததால் கூடத்து விளக்கும் எரிந்தது, எழுபது மதிப்பெண் விளக்கு. அவள் எழுந்து உட்கார்ந்ததில் சுவருக்குப் போயிருந்த வெயில் துண்டு யாருக்கும் வேண்டாததாயிற்று. புனிதாவைப் பார்த்தேன். நன்றாக இருந்தாள். உண்மையாகவே நன்றாக இருந்தாள்; முகம் முழுக்க ஒரே சீராக, அமைதியாக, நேற்றுபோல, போன மாதம்போல, கல்யாணத்துப் படத்தில்போல. எனக்குள் ஏதோ ஒன்று நீளமாக மூச்சு விட்டது. பார், ஒன்றுமில்லை, கண்ணாடி வெயில் எல்லோரையும் பிணமாகக் காட்டும். அவளும் அதைக் கேட்டமாதிரி சொன்னாள், "கரண்ட் வந்துடுச்சு. விடுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம். இன்னைக்கு வெள்ளிக்கிழம வேற." நாளைக்கு. நாளைக்கு என்பதில் தப்பு என்ன. ஒரு நாளில் என்ன ஆகிவிடும், வாய் மூடித்தானே இருக்கிறது. இந்த விளக்கின் கீழே இன்னும் நாலு மாதம் உட்கார்ந்திருக்கலாம், வசதியாக, ஒருவரை ஒருவர் நன்றாகப் பார்த்துக்கொண்டு. எழுந்துபோய்க் கூடத்து சுவிட்சைத் தட்டினேன். பிறகு தொட்டி விளக்கையும். வாழ்நாளில் பகல் வேலை நேரத்தில் நான் அணைத்த முதல் விளக்குகள். இருட்டு ஒன்றும் வரவில்லை, பால்கனி வழியே வெறும் சாயங்கால வெளிச்சம் வந்தது, அதில் அவள் மறுபடி உள்ளபடி ஆனாள். "அதையும் ஏன் அணைச்சீங்க? உங்க சாமந்திக்கு?" "அதுக்கு அந்த விளக்கு சரியில்ல. வந்து நீலத்த மாட்டறேன். ரோஸ் புடவ எங்க இருக்கு?" "இரண்டாவது தட்டு. ஆஸ்பத்திரிக்கா கட்டிக்கிட்டுப் போவாங்க?" என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினாள், எடுத்து வா என்று. இறங்கும்போது மாடிப்படியில் நான் முன்னால் போகவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள் நின்றாள், சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க. நானும் நின்றேன். ஆறாம் நம்பர் வாசலில் கறிவேப்பிலைச் செடி இல்லை. மண் காய்ந்த ஒரு வெறும் தொட்டி இருந்தது, அதில் எப்போதோ பட்டுப்போன ஒரு குச்சி. "எவ்ளோ நாளா இப்படி இருக்கு?" என்றேன். "ரொம்ப நாளா" என்றாள் புனிதா, என் தோளைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தபடி.